சான்றும் சான்றாண்மையும்: பொதுப்பணி ஒப்பந்தங்களில் தகுதிப் பதிவின் பெறுமதி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒருவரையொருவர் நன்கறிந்தோர் வாழும் சிற்றூரிலே சான்றிதழுக்கு வேலையில்லை. யார் எழுப்பிய சுவர் பத்து மழைக்காலங்களுக்கு நின்றது, யார் கலந்த சாந்து ஓராண்டிலே உதிர்ந்தது என்பன அங்கு யாவரும் அறிந்த செய்திகள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி தேவையில்லை என்னும் பழமொழி அத்தகைய நேரடி அறிவையே சுட்டும். ஆயின் நவீன அரசு என்பது அறிமுகமற்றோரிடையே நிகழும் கொடுக்கல் வாங்கலின் மீது எழுப்பப்பட்டதோர் அமைப்பாகும். ஒரு பொதுவேலையை எடுத்துக்கொண்டால், அதற்கு வரி செலுத்துபவர் ஒருவர். அப்பணத்தைச் செலவிடும் அலுவலர் இன்னொருவர். வேலையைப் பொறுப்பேற்றுச் செய்பவர் மூன்றாமவர். அவ்வேலையின் நன்மை தீமைகளை நாள்தோறும் அனுபவிப்பவர் நான்காமவர். இந்நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே காலங்கழித்தல் கூடும்.

இந்த அறியாமையின் நடுவே நம்பிக்கையை நாட்டுதற்கு மனிதர் கண்ட உபாயங்களுள் ஒன்றே தகுதிச் சான்று. பதிவு, தரப்படுத்தல், தராதர அங்கீகாரம் எனப் பல பெயர்களில் அது வழங்கினும் அதன் உட்பொருள் ஒன்றே: நேரிற் கண்டறியாத ஒருவரைப் பற்றி, அறிந்த ஒருவர் சொல்லும் வாக்குமூலம் அது. அவ்வாக்குமூலம் உண்மையில் எதனைப் பற்றிச் சான்று பகர்கின்றது? அதனை வைத்திருப்போருக்கு மட்டுமே பொதுப்பணத்தினாலாகும் வேலைகளை வழங்குதல் எப்போது நீதியாகும், எப்போது அநீதியாகும்? நிருவாக நூல்களுள் அடங்கிக் கிடக்கும் இவ்வினா அறவியலுக்கும் உரியதென்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு மத்திய மலைநாட்டின் டயகம ஏற்றதோர் உரைகல்லாக அமைகின்றது. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றைக் கடந்து செல்லும் வீதியின் எல்லையில், ஹோட்டன் சமவெளிக்கு அண்மையில் உள்ள தேயிலைப் பிரதேசம் அது. டயகம கிழக்கு, டயகம மேற்கு என வழங்கும் தோட்டங்களிலே நிலம் சமனாக இருக்கும் இடம் அரிது. வீதி என்பது மலைச்சரிவை வெட்டி அமைத்த ஒடுங்கிய படியே. அப்படியின் மேற்புறம் மண் சரியாதிருத்தற்கு ஒரு தாங்குசுவரும், மழைநீர் முறையாக வடிந்து ஓடுதற்கு ஒரு வடிகானும் இல்லையாயின், வீதி மட்டுமன்றி அதன் கீழே வரிசையாக நிற்கும் லயங்களும் ஆபத்துக்குள்ளாகும். ஆகவே ஒரு தாங்குசுவரைக் கட்டுதற்குரியவர் யார் என்னும் வினா அங்கு உயிர்களோடு தொடர்புடைய வினாவாகும்.

இத்தகையதொரு சுவரை அமைத்தற்கு ஓர் அரச நிறுவனம் கேள்விப்பத்திரம் கோருவதாகக் கொள்ளலாம். போட்டியிட விரும்புவோர் முதலில் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையிற் பதிவுபெற்றவராதல் வேண்டும். 1986ஆம் ஆண்டில் நிர்மாணப் பயிற்சிக்கும் அபிவிருத்திக்குமென அமைக்கப்பட்ட நிறுவகம், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தினால் இவ்வதிகார சபையாக மாற்றம் பெற்றது. அது ஒப்பந்தகாரரைச் சீ1 தொடக்கம் சீ9 வரையும், அதற்கு மேலான விசேட தரங்களிலும் வகைப்படுத்துகின்றது. ஒவ்வொரு தரத்துக்கும் இத்தனை ரூபா வரையான வேலையே என ஓர் எல்லை உண்டு. நிதிவலு, தொழினுட்ப உத்தியோகத்தர், இயந்திர சாதனங்கள், முன்னனுபவம் ஆகியனவே தரத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றோடு கேள்விப் பிணை, செயலாற்றற் பிணை என வங்கி வழங்கும் உறுதிப்பத்திரங்களும் வேண்டப்படலாம். 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வேலையாயின் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின்கீழ் வேறொரு பதிவும் தேவைப்படும்.

இனி, அதே தோட்டத்து லயமொன்றில் வாழும் ஒரு மேசனை எண்ணிப் பார்க்கலாம். மலையக இளைஞர் பலரைப் போல அவரும் கொழும்புக்குச் சென்று, மாடிக் கட்டடங்களிலே பல்லாண்டு வேலைசெய்து தொழில் பழகியவர். எந்தச் சரிவில் நீர் ஊறும், எந்தக் கல் பாரந்தாங்கும் என்பதனை அவர் இளமை முதலே அறிவார். ஆயினும் அவர் கேள்விப்பத்திரம் சமர்ப்பிக்க முடியாது. நகரமொன்றிலுள்ள பதிவுபெற்ற ஒப்பந்தகாரர் வேலையைப் பெற்று, நாட்கூலிக்கு அவரையே அமர்த்திச் சுவரைக் கட்டுவித்தல் இயலும். அவ்வாறாயின் சான்று ஒருவரிடமும் திறமை இன்னொருவரிடமும் இருக்கும். சுவர் எழுவது திறமையினால். ஊதியத்தின் பெரும்பகுதி செல்வதோ சான்றுக்கு. இம்முரண்பாட்டிலிருந்தே அறவியல் வினா முளைக்கின்றது.

எனினும் சான்றினைப் பயனற்றதெனத் தள்ளிவிடுதல் பேதைமையாகும். அதற்குச் சார்பான நியாயங்கள் வலிமையானவை. அவற்றுள் முதலாவது பாதுகாப்பு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் நிகழ்ந்த மண்சரிவு லயங்களை மண்ணோடு மண்ணாக்கியது. அவ்விடம் ஆபத்தானதென்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. மலைச்சரிவைப் பற்றி அனுபவத்தால் வரும் அறிவு மட்டும் போதாது, மண்ணின் தன்மையையும் நிலத்தடி நீரையும் ஆய்ந்தறியும் கல்வியும் வேண்டும் என்பதற்கு அத்தகைய நிகழ்வுகள் துயரமான எடுத்துக்காட்டுகள். நல்லெண்ணம் படைத்த ஒருவர் கட்டிய பிழையான சுவர், தீயெண்ணம் படைத்தவர் கட்டிய பிழையான சுவரைப் போன்றே இடிந்து விழும்.

இரண்டாவது நியாயம் நடுநிலைமை. எழுதப்பட்ட தகுதிவிதி ஒன்றும் இல்லாத இடத்திலே திறமைசாலி முன்னுக்கு வருவார் எனக் கருதுதல் உலகியலுக்கு ஒவ்வாது. அங்கு முன்னுக்கு வருபவர் அதிகாரியின் உறவினரும் அரசியல்வாதியின் ஆதரவாளருமே. மலையக வரலாற்றில் இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கங்காணி முறை நிலவிய காலத்திலே ஒரு தொழிலாளிக்கு வேலை கிடைப்பதும், முற்பணம் கிடைப்பதும், நல்ல பெயர் கிடைப்பதும் கங்காணியின் வாய்ச்சொல்லில் தங்கியிருந்தன. 'இவன் யாருடைய ஆள்?' என்னும் வினாவுக்குப் பதிலாக 'இவருக்கு என்ன தெரியும்?' என்னும் வினாவை எழுப்புமாயின், சான்று ஓர் அறவியல் முன்னேற்றமேயாகும். 1987ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய ஒப்பந்தங்களிலே இடைத்தரகராகவும் முகவராகவும் நிற்போரின் பெயர்களைப் பதிவுசெய்ய வேண்டியதன் காரணமும் மறைவிலிருந்து செயற்படும் செல்வாக்கை வெளிச்சத்துக்குக் கொணர்தலே. 19ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தினால் 2015இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய பெறுகை ஆணைக்குழு 2020இல் நீக்கப்பட்டு, 2022இல் மீண்டும் அமைக்கப்பட்டமை, பொதுப்பணத்தைச் செலவிடும் விதிகளை யார் வகுப்பது என்பதே அதிகாரப் போட்டிக்குரிய பொருளாயிருத்தலைக் காட்டும்.

தமிழர் வரலாற்றிலும் இவ்வினா புதியதன்று. காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரிற் காணப்படும் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) வாரிய உறுப்பினரைக் குடவோலை முறையிலே தெரிவுசெய்யும் விதிகளைக் கூறுவன. ஏரியையும் தோட்டத்தையும் பராமரிக்கும் வாரியங்கள் பொதுப்பணிகளைக் கையாண்டவை. குடத்தில் ஓலை இடப்படுவதற்கு முன்னரே தகுதி ஆராயப்பட்டது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடைமை, சொந்த மனையிலே கட்டிய வீட்டில் வாழ்தல், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது, வேதக்கல்வி ஆகியன வேண்டப்பட்டன. கல்வியிற் சிறந்தோர்க்கு அரைக்கால் வேலி நிலமே போதும் எனச் சலுகையும் அளிக்கப்பட்டது. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இவ்விதிகளைக் கூர்ந்து நோக்குமிடத்து, தகுதி என ஒரே சொல்லாற் குறிக்கப்படுவது உண்மையில் மூன்று வேறுபட்ட பொருள்களின் தொகுதி என்பது புலனாகும். நிலமும் மனையும் உடைமையைக் காட்டுவன. கல்வி திறமையைக் காட்டுவது. கணக்குக் காட்டியமை ஒழுக்கத்தைக் காட்டுவது. ஒழுக்கம் பற்றிய விதி இன்றும் பொருந்துவது. பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டாதவரிடம் மீண்டும் பொதுப்பணத்தை ஒப்படைத்தல் தகாது. திறமை பற்றிய விதி வேலைக்கேற்ப மாறவேண்டியது. ஏரியைப் பராமரித்தற்கு வேத அறிவு எவ்வாறு உதவும் எனக் கேட்டல் நியாயமே. உடைமை பற்றிய விதியோ நிலமற்றோரையும் தாழ்த்தப்பட்டோரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. அவர்களும் அவ்வேரியின் நீரை நம்பி உழைத்தவர்கள். ஆயிரமாண்டுக்கு முற்பட்ட அக்கல்லிலே காணப்படும் இக்கலப்பு இன்றைய தரப்படுத்தலிலும் இல்லாமலில்லை. நிதிவலுவும் இயந்திர உடைமையும் முன்னனுபவமும் ஒரே தட்டில் நிறுக்கப்படும்போது, ஒருவர் எதனைச் செய்ய வல்லவர் என்பதும் ஒருவர் எதனை வைத்திருக்கின்றார் என்பதும் வேறுபாடின்றி ஒன்றாகி விடுகின்றன.

இவ்வேறுபாடு மலையகத்தில் ஏனைய இடங்களைவிடக் கூர்மையாக உணரப்படுதற்கு வரலாற்றுக் காரணங்கள் உள. அம்மக்களின் வாழ்விலே கடதாசி ஒருபோதும் வெறுங் கடதாசியாக இருந்ததில்லை. கடனிற் சிக்கிய தொழிலாளரை, இத்தொகை செலுத்தப்பட்டால் விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த 'துண்டு' என்பது ஒருவகைச் சான்றே. அத்துண்டு அவரது திறமையைப் பற்றியோ நடத்தையைப் பற்றியோ ஒன்றும் கூறவில்லை. அவர்மீது சுமத்தப்பட்ட கடனின் விலையை மட்டுமே கூறிற்று. அதுவின்றி அவர் வேறு தோட்டத்தில் வேலை தேடல் அரிதாயிற்று. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டமை தொழிலாளர் விடுதலை வரலாற்றில் ஒரு மைல்கல்லாகும்.

பின்னர் வந்த சான்று குடியுரிமைக்குரியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமும் அம்மக்களிடம் ஆவண நிரூபணங்களைக் கோரின. தலைமுறைகளாக ஒரே மலையிற் கொழுந்து பறித்தவர் தாம் அங்கு இடைவிடாது வாழ்ந்தமையைக் கடதாசியால் மெய்ப்பித்தல் வேண்டுமெனப்பட்டது. பிறப்புப் பதிவும் நிலவுறுதியும் அவர்களுட் பெரும்பாலோர்க்குக் கிடைக்கக்கூடிய பொருள்களாயிருக்கவில்லை. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டபோதும், அச்சட்டத்தின்கீழ்க் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் முதலாகப் பல கட்டங்களைக் கடந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடனேயே நாடற்றோர் என்னும் நிலை சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது. உண்மை ஒருபுறமிருக்க, அதனை நிரூபிக்கும் வசதி வேறொருபுறம் இருத்தல் கூடும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

இப்பாடத்தின் ஒளியிலே டயகமவின் மேசனை மீண்டும் நோக்கலாம். தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாக்கப்பட்டு, 1992 முதல் அவற்றின் முகாமை கம்பனிகளுக்கு வழங்கப்பட்டது. அவர் வாழும் லயம் நிற்கும் நிலம் அவருக்கு உரியதன்று. ஆகவே வங்கிக்கு ஈடுவைத்தற்கு அவரிடம் நிலவுறுதி இல்லை. ஈடில்லாதவருக்கு வங்கிப் பிணை எளிதிற் கிடையாது. பிணையில்லாதவருக்கு ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தம் செய்யாதவருக்கு முன்னனுபவம் இல்லை. முன்னனுபவம் இல்லாதவருக்குத் தரம் உயராது. இவ்வட்டத்தில் எந்த இடத்திலும் அவரது கைத்திறன் பற்றிய வினா எழவேயில்லை.

அன்றியும், அனுபவம் என்னும் அளவுகோலைப் பற்றி ஈண்டு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுதற்கு நெடுங்காலம் தடையாயிருந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. அவ்வளவு காலமும் தோட்டத்து வீதியும் வடிகானும் பிரதேச சபையின் பொதுப்பணி என்னும் வரையறைக்குள் முழுமையாக வரவில்லை. தன் வாசலிலே பொதுப்பணி நிகழாத ஒரு சமூகத்தாரிடம், பொதுப்பணி செய்த அனுபவம் எங்கே எனக் கேட்டல், கிணறு வெட்ட அனுமதியாதவரை நீந்தத் தெரியாதவர் எனக் குறைகூறுவதை ஒக்கும்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாடு பற்றிய நூலிலே, பதவிகள் திறமையுடையோர்க்குத் திறந்திருத்தல் என்னும் வெறும் சம்பிரதாயச் சமத்துவத்தையும், நியாயமான வாய்ப்புச் சமத்துவத்தையும் வேறுபடுத்தினார். ஒத்த ஆற்றலும் ஒத்த ஊக்கமும் உடையோர், எக்குடியிற் பிறந்தாராயினும், ஒத்த எதிர்பார்ப்பை உடையராதல் வேண்டும் என்பது அவர் துணிபு. கேள்விப்பத்திரம் பத்திரிகையிலே யாவரும் காண விளம்பரப்படுத்தப்படுகின்றது என்பதனால் மட்டும் இரண்டாவது சமத்துவம் நிறைவேறிவிடாது. கதவு திறந்திருத்தல் வேறு, கதவுவரை செல்லப் பாதை இருத்தல் வேறு.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். நிதிவலு கோரப்படுதல் செல்வரைப் பேணுதற்கன்று. வேலை இடைநடுவிற் கைவிடப்படாதிருத்தற்கே எனலாம். அதுவும் உண்மையே. அரச நிறுவனங்கள் கொடுப்பனவைத் தாமதிக்கும்போது, கைமுதல் இல்லாதவர் சீமெந்து வாங்கவும் கூலி கொடுக்கவும் வழியின்றிச் சுவரைப் பாதியில் விட்டுச் செல்ல நேரும். அரைகுறையாக வெட்டப்பட்ட சரிவு, தொடாத சரிவைவிட ஆபத்தானது. ஆயின் இம்மறுப்பைச் சற்று உள்நுழைந்து நோக்கினால், அங்கு பணத்தைத் தாமதிப்பவர் அரசு. அத்தாமதத்தைத் தாங்கும் வலுவே ஒப்பந்தகாரரின் 'தகுதி' ஆகின்றது. கொடுப்பவரின் குறை பெறுபவரின் தகைமையாக மாற்றப்படுதல் நீதியாகாது. உரிய முற்பணமும் உரிய காலத்துக் கொடுப்பனவும் உறுதிசெய்யப்படுமாயின் உடைமையின் எடையைக் குறைத்துத் திறமையின் எடையைக் கூட்டுதல் இயலும்.

சான்று இல்லாதவர் தகுதியுடையவராயிருத்தல் கூடும் என்பது ஒரு பக்கம். சான்று உடையவர் தகுதியற்றவராயிருத்தலும் கூடும் என்பது மறுபக்கம். 2012 செப்டெம்பர் 11ஆம் திகதி கராச்சி நகரின் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியபோது 250க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். தொழிலாளர் நலத்துக்குரிய எஸ்.ஏ. 8000 என்னும் சர்வதேசச் சான்று அத்தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்னரே வழங்கப்பட்டிருந்தது. இலண்டனின் கிறென்ஃபெல் கோபுரம் பொதுப்பணத்திற் புதுப்பிக்கப்பட்ட குடியிருப்பு. 2017 யூன் 14ஆம் திகதி அது எரிந்தபோது 72 பேர் உயிரிழந்தனர். 2024 செப்டெம்பரில் வெளிவந்த விசாரணை அறிக்கை, வெளிச்சுவர்ப் பொருள்களை உற்பத்தி செய்தோரின் நேர்மையீனத்தையும் அவற்றுக்குச் சான்றளித்தோரின் கவனக்குறைவையும் கண்டித்தது. அங்கு கடதாசிகள் இல்லாமற் போகவில்லை. கடதாசியை நம்பி ஒவ்வொருவரும் தத்தம் கண்ணை மூடிக்கொண்டமையே கேடாயிற்று.

சான்றளிப்பவருக்குச் சான்றளிப்பவர் யார் என்னும் பழைய வினா இங்கு எழுகின்றது. இலங்கையிலே பரிசோதனைக் கூடங்களையும் சான்றளிக்கும் நிறுவனங்களையும் மதிப்பிட்டு அங்கீகரித்தற்கென 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தினால் ஒரு சபை அமைக்கப்பட்டுள்ளது. அதற்கு மேலும் சர்வதேச அமைப்புகள் உள. ஆயின் ஏணியின் படிகளை எத்தனை கூட்டினாலும் அது எங்காவது தரையிற் பதிந்திருத்தல் வேண்டும். அத்தரை நேரிற் கண்டு சொல்லும் ஒரு மனிதரின் நேர்மையே. தத்துவ அறிஞர் ஒனோரா ஓநீல் 2002ஆம் ஆண்டு றீத் விரிவுரைகளிலே, கணக்காய்வும் கண்காணிப்பும் பெருகியமை நம்பிக்கையை மீட்டுத் தந்ததா என ஐயுற்றார். நம்பிக்கையை வெறுமனே பெருக்குவதன்று, நம்பத்தக்கவரிடத்தில் அதனை வைப்பதே வேண்டுவது என்பது அவர் கருத்தின் சாரம். திருவள்ளுவரும் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இதனை அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக வகுத்தமை சிந்திக்கத்தக்கது. ஆராய்ந்து நம்புதல் ஒரு கடமை. நம்பியபின் வினையை உரியவாறு ஒப்படைத்து நோக்குதல் இன்னொரு கடமை. முதற்கடமையைச் சான்று ஓரளவு இலகுவாக்கலாம். இரண்டாவதை அது நிறைவேற்ற மாட்டாது.

சான்றையும் கைவிடாது, சான்றற்றோரையும் தள்ளிவிடாத வழி ஒன்றுண்டா என ஆராயுமிடத்து, இலங்கையின் அனுபவமே ஒரு விடையைத் தருகின்றது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின்போது, தேசிய வீடமைப்பு அதிகார சபை கொழும்பின் சேரிப்புறங்களிலே 'சமூக ஒப்பந்தம்' என்னும் முறையைக் கையாண்டது. கிணறு, வடிகான், பாதை போன்ற சிறுவேலைகள் பதிவுபெற்ற ஒப்பந்தகாரருக்கன்றி, அவற்றைப் பயன்படுத்தப்போகும் மக்களின் சங்கத்துக்கே வழங்கப்பட்டன. தொழினுட்ப அறிவை அரச உத்தியோகத்தர் வழங்க, உழைப்பையும் கண்காணிப்பையும் மக்கள் வழங்கினர். 2006ஆம் ஆண்டின் அரச பெறுகை வழிகாட்டியும் சமூகப் பங்கேற்புடனான பெறுகைக்கு இடமளித்தது. 2016 முதல் மலையகத்தில் இந்திய உதவியுடன் நடைபெற்ற 4,000 வீடுகளுக்கான திட்டத்திலும், தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களின் துணையோடு, வீட்டுக்குரியவரே கட்டுமானத்தை முன்னின்று நடத்தும் முறை பின்பற்றப்பட்டது.

இம்முறையின் தத்துவ அடிப்படை மிகப் பழையது. ஒரு வீட்டை அதனைக் கட்டியவரைவிட அதில் வாழ்பவரே நன்கு மதிப்பிடுவார், விருந்தினைச் சமைத்தவரைவிட உண்பவரே நன்கு மதிப்பிடுவார் என்னும் கருத்தை அரிஸ்டோட்டில் தமது அரசியல் நூலின் மூன்றாம் பகுதியிலே முன்வைத்தார். தாங்குசுவரின் கீழே உறங்குபவர் சாந்தில் மணல் மிகுந்தால் வாளாவிருக்கமாட்டார். அவரது அக்கறை எந்தச் சான்றிதழிலும் எழுதப்படாத தகுதியாகும். எனினும் அக்கறை மட்டும் அத்திவாரத்தின் ஆழத்தைக் கணிக்கமாட்டாது. அன்றியும் சங்கத்தின் பெயரை முன்னிறுத்திக் கட்சிக்காரரோ ஒப்பந்தகாரரோ பின்னின்று நடத்தும் ஏமாற்றுக்கும் இங்கு இடமுண்டு. ஆதலால் பொறியியலாளரின் அறிவும், பயன்படுத்துவோரின் கண்ணும், வெளிப்படையான கணக்கும் ஒருங்கே அமையும் இடத்திலேயே இம்முறை பயன்தரும்.

தனிப்பட்ட தொழிலாளரைப் பொறுத்தவரையும் வழி அடைபட்டுவிடவில்லை. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழைப் பெறுதற்குப் பயிற்சி நிலையத்திற் பயின்றிருத்தல் கட்டாயமன்று. முன்னர்க் கற்றதை அங்கீகரித்தல் என்னும் முறையின்கீழ், வேலைத்தலத்திலே பழகிய திறனைச் செய்து காட்டியும் அதனைப் பெறலாம். கேட்பவரின் சொத்தை நோக்காது கையை நோக்கும் சான்று இது. இத்தகைய சான்று பெற்றோர் ஒன்றுகூடி அமைக்கும் கூட்டுறவுகளுக்குச் சிறுவேலைகளிலே முதற்படி அமைத்துக் கொடுத்து, அவ்வேலையின் தரத்தைக்கொண்டே அடுத்த படிக்கு உயர்த்துதல் அரசுக்கு இயலாத காரியமன்று. துண்டு அம்மக்களைக் கட்டிவைத்தது. குடியுரிமைப் பத்திரம் அவர்களைப் புறத்தே நிறுத்தியது. இச்சான்றோ அவர்கள் ஏறுதற்குரிய படியாதல் கூடும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பொதுப்பணிக்குரிய தகுதிச் சான்று தன்னளவில் நன்றுமன்று தீதுமன்று எனலாம். அது நீதியுடையதாதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேறுதல் வேண்டும். முதலாவதாக, அது வேலைக்கு வேண்டிய திறமையையும் ஒழுக்கத்தையும் பற்றியே பேசுதல் வேண்டும். உடைமையைத் திறமையெனக் காட்டுதல் கூடாது. இரண்டாவதாக, அவ்வேலையைச் செய்ய வல்லவர் எவரும் அதனை அடைதற்குரிய பாதை உண்மையிலே திறந்திருத்தல் வேண்டும். மூன்றாவதாக, சான்றளித்தவர் தம் சொல்லுக்குப் பொறுப்பேற்றல் வேண்டும். சுவர் சரிந்தபின், கடதாசிகள் யாவும் ஒழுங்காயிருந்தன எனக் கூறி ஒதுங்குதற்கு அலுவலருக்கோ நிறுவனத்துக்கோ உரிமையில்லை.

சான்று என்னும் தமிழ்ச்சொல் பத்திரத்தையும் குறிக்கும், சாட்சியையும் குறிக்கும். சாட்சி சொல்பவர் தாம் கண்டதையே சொல்லவேண்டும்; பொய்யெனின் அதற்கு விடையிறுக்க வேண்டும். இப்பொருள் மறைந்து பத்திரம் என்னும் பொருள் மட்டும் எஞ்சுமிடத்து, முற்கூறிய நால்வருள் வரி செலுத்துபவரும், செலவிடுபவரும், வேலையை ஏற்றவரும் தத்தம் கடதாசியுடன் கவலையற்றிருக்கலாம். கடதாசி ஏதுமின்றி மழையிரவிலே சுவரின் கீழே விழித்திருப்பவர் நான்காமவரே. டயகமவின் லயங்களில் வாழும் அவரை முன்னிறுத்தி வகுக்கப்படும் தகுதிவிதியே பொதுப்பணி என்னும் பெயருக்கு ஏற்றதாகும்.